ஒரே செடியை நடாதவர்

எங்கள் மலைச்சாமி சேர்வராயனை மனதில் நிறுத்தி இதை எழுதுகிறேன். அதிகம் படிக்காதவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகள்தான், "அம்மாவைப் பத்தி நீங்களே எழுதுங்கப்பா" என்று சொல்லிவிட்டாள்.

என் துணைவியார் இதே மலையில் வாழவந்தி கிராமத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் காடு முழுக்க ஆரஞ்சு மரம் வைத்திருந்தார். வேறு ஒரு செடி கிடையாது. மரத்துக்கு நோய் வந்து, கண்ணெதிரே எல்லாம் பட்டுப்போனது. அதோடு இவர் படிப்பும் நின்றது. பாவாடை கட்டிய வயதிலேயே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க வந்துவிட்டார். நான் அங்கே வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி. அவருடைய கூடையில் ஒரு பச்சைக் காய் இருந்து நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் பேசி முடித்து வைத்தார்கள்.

வீட்டில் இருப்பதை வைத்து வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டவர். வெள்ளிக்கிழமை விளக்கு ஒருநாளும் தவறியதில்லை.

நான் ஓய்வு பெற்றபோது பி.எஃப். பணம் வந்தது. முழுவதையும் பேங்கில் டெபாசிட் போடுவது என்று நான் முடிவாக இருந்தேன். அவர் கொஞ்சத்துக்குத் தங்கம் வாங்கலாம் என்றார்.

"ஏம்புள்ள, ஆடு வாங்குனாலும் குட்டி போடும். தங்கம் பொட்டியில கெடந்து என்ன பண்ணும்? அது மலட்டு ஆடு."

"குட்டி போடாதுங்க. ஆனா தீனி கேக்காது, நோவும் வராது."

நான் அசையவில்லை. அவர் சண்டை பிடிக்கிறவர் அல்ல. சோறு போட்டுக்கொண்டே ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க, காப்பிக்கு நடுவால சில்வர் ஓக் மரம் எதுக்கு நட்டீங்க? அதுல மிளகை எதுக்கு ஏத்திவுட்டீங்க?"

"காப்பி கவுத்துனா மிளகு தாங்கும். இது தெரியாதா உனக்கு?"

"ஊரான் தோட்டத்துக்கு அத்தனை புத்தி சொன்னீங்க. நம்ம காசை மட்டும் எங்கப்பன் ஆரஞ்சுக் காடு மாதிரி வெக்கறீங்களே!"

சரி என்றேன். நகை வேண்டாம், செய்கூலி வீண், தங்கக் காசாகத்தான் வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மலையிறங்கும் பஸ் அவருக்கு ஆகாது. கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவார். அடிவாரத்தில் இறங்கி, தலைசுற்றல் நிற்கும் வரை டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, பிறகு சேலம் போவோம். வாங்கிய காசுகளைச் சேர்வராயன் கோயிலில் சாமி பாதத்தில் வைத்து எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார்.

அன்றிலிருந்து காலையில் டிவியில் விலை சொன்னதும் அடுப்படியிலிருந்து குரல் வரும்: "ஏனுங்க, உங்க மலட்டு ஆடு இன்னைக்கும் குட்டி போட்டிருக்குது!" விலை இறங்கிய நாளில் சத்தம் காட்டாமல் வந்து டிவியை அணைத்துவிட்டுப் போவார். அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை கூடுதலாக இருக்கும். நானும் தெரியாத மாதிரி குடிப்பேன்.

அவருக்கு உடம்பு முடியாமல் போய் சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எடுத்த எடுப்பில் தங்கத்தை விற்கப் போனேன். திரும்பி வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்ததும், "எல்லாத்தையும் வித்துப்போட்டீங்களா?" என்றார்.

"இல்ல புள்ள. அதுல கொஞ்சம், டெபாசிட்ல கொஞ்சம். ரெண்டுலயும் மீதி இருக்குது."

ரொம்ப நாளுக்கப்புறம் சிரித்தார். "இப்பத்தான் மேஸ்திரி மாதிரி பேசறீங்க" என்றார். "நாளைக்கு நீங்க ஒத்தையில இருக்கோணும். யாரு கையையும் பாத்து நிக்கக் கூடாது. அதுக்குத்தானுங்க சொன்னேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, தனக்காக அவர் ஒன்றும் கேட்டிருக்கவில்லை என்று. அந்த வாரமே சாமி அழைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் காத்திருந்த உறவினர்களுக்கும், மலைக்கு அவரைக் கொண்டுவர வண்டி எடுத்த எஸ்டேட் தோழர்களுக்கும், கரும காரியம் வரை என் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் கை கூப்புகிறேன்.

அவர் சொன்னபடியே எனக்கு யார் கையையும் எதிர்பார்க்கும் நிலை இல்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனாலும் இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். காப்பி நானே போடுவேன், சர்க்கரை முன்னே பின்னே இருக்கும். தங்கம் ஏறியதா இறங்கியதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். காலையில் நான் டிவி போடுவதில்லை.