தூர் வாராத வருடம்

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். மலேசியாவின் செமோரை அடுத்த ஒரு தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தில்தான் கனகராஜ் புஷ்பலதாவை முதன்முதலாகப் பார்த்தார். மறு ஆண்டின் பட்ஜெட்டுக்கு மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அது. எந்தத் தாமானுக்கு என்ன பணி என்று வரிசைப்படுத்தும் மாநகர் மன்ற அதிகாரி கனகராஜ். இந்தத் தாமானுக்கு அலங்கார நுழைவு வளைவு ஒதுக்கப்படும் என்று அவர் அறிவித்ததும் கைதட்டல் எழுந்தது. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, சீருடையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த புஷ்பலதா மட்டும் எழுந்து நின்றார்.

வளைவு வேண்டாம், சாலைக்கடியில் ஓடும் கால்வாய்க் குழாயைப் பெரிதாக்கித் தாருங்கள் என்றார். மூன்று ஆண்டுகளாக இங்கிருந்து ஒரு வெள்ளப் புகார்கூட வந்ததில்லை, புகார் இல்லாத இடத்துக்கு வடிகால் பணம் ஒதுக்க வழியில்லை என்று கனகராஜ் பொறுமையாகவே விளக்கினார். அந்த அம்மாள் உட்காருவதாக இல்லை. சபையைச் சிரிக்க வைத்து முடித்துவிட நினைத்தார் அதிகாரி.

"தண்ணி வீட்டுக்குள்ள வந்தா சொல்லுங்கக்கா, நானே வாளியோட வந்து அள்ளுறேன்லா."

மண்டபம் சிரித்தது. "வரும் சார்," என்று சொல்லிவிட்டுப் புஷ்பலதா உட்கார்ந்தார்.

புகார் எழாததற்குக் காரணம் இருந்தது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டம் விற்கப்பட்டபோது தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தைவிட்டு வந்தவர்கள். கோயில் திருவிழாவுக்கு முன்னும் தீபாவளிக்கு முன்னும் எல்லாரும் மண்வெட்டியோடு இறங்கிக் கால்வாயைத் தூர் வாருவது லயத்து வழக்கம். தோட்டம் போயிற்று, வழக்கம் போகவில்லை. அவர்கள் வாரியதால் தண்ணீர் ஏறவில்லை; ஏறாததால் மன்றத்தின் கண்ணில் குறையே படவில்லை. மேட்டில் எழுந்த புதிய வீடுகளின் தண்ணீரும் அதே குழாய்க்கு வந்து சேர்ந்தது. வாருகிறவர்களுக்கோ வயதாகிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே புஷ்பலதா வீடு வீடாகப் போய், இந்தத் தீபாவளிக்கு யாரும் மண்வெட்டியைத் தொடக்கூடாது என்றார். கோயில் தலைவர் சன்னாசிக்குக் கோபம் பொங்கியது. ஊரை மூழ்கடித்துத்தான் நியாயம் கேட்பதா என்று நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டார்.

"மொதல்ல முங்கப்போறது என் வீடுதாண்ணே. பள்ளத்துல இருக்கிறவ நான். எனக்கில்லாத பயம் உங்களுக்கு எதுக்கு?"

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று, கைப்பழக்கத்தில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த சன்னாசியைக் கால்வாய்க் கரையில் மறித்துத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான்.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்டது. ஃபிரிட்ஜைச் செங்கல்மேல் ஏற்றி வைத்திருந்தார் புஷ்பலதா. கல்யாணத்துக்கு வாங்கிய மர அலமாரியை ஏற்ற முடியவில்லை. அது ஊறிப் பிளந்தது. சன்னாசி வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. தெருவே மன்றத்துக்குத் தொலைபேசியில் புகார் சொன்னது.

கனகராஜ் காரை மேட்டில் விட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து புஷ்பலதாவின் கூடத்தில் நின்றார். மூலையில் ஒரு நீல வாளி மிதந்துகொண்டிருந்தது. அதை எட்டி எடுத்தார். புஷ்பலதா அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கட்டில்மேல் வைத்தார்.

"குழாய அளந்துட்டுப் போங்க சார்."

பட்ஜெட் முடிவாகிவிட்டது, இனி அடுத்த ஆண்டுதான் என்று இழுத்தார் கனகராஜ்.

"அப்ப அடுத்த வருஷமும் வாரமாட்டோம். நீங்க வளைவக் கட்டுங்க, நாங்க அதுக்குக் கீழ சம்பான் படகுல போய்க்கிறோம்."

கனகராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே தாமானுக்குள் பணியை மாற்ற வழி உண்டு என்பதும், அதற்கு வளைவு வேண்டாமென்று குடியிருப்பாளர்களே எழுதித் தர வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். எந்தத் தாமானும் அப்படி எழுதித் தந்ததில்லை. அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மறுநாளே புஷ்பலதா எழுதிக்கொண்டு வந்தார். முதல் கையெழுத்து சன்னாசியுடையது.

வளைவின் பணத்தில், 2024 திருவிழாவுக்குள் பெரிய சிமெண்டுக் குழாய் இறங்கியது. அவ்வாண்டு மழையில் தண்ணீர் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் கனகராஜ் அந்த மண்டபத்துக்குப் போகிறார். புஷ்பலதா இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து, தெருவிளக்கு, நடைபாதை என்று அடுத்தடுத்துக் கேட்டு மல்லுக்கு நிற்கிறார். அத்தனை பேர் முன்னிலையில் கனகராஜ் தந்த வாளி வாக்கை மட்டும் அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.