வெறும் வயிற்றில் குடித்த நைஜீரியாக் கசப்பிலை

இத்தாலியின் பலெர்மோ நகரில் வீடு துப்புரவாக்கும் வேலை செய்கிறேன். எனக்கு நீரிழிவு இருப்பதால் தினமும் காலையில் குளிசை போடுவேன்.

போர்கோ வெக்கியோப் பகுதியில் எங்கள் மேல்மாடியில் இருக்கும் நைஜீரியாப் பெண் ரோஸ், பல்கனியில் ஒரு கசப்பிலைச் செடி வளர்க்கிறார். அதன் இலையை நுரை போகும்வரை கசக்கிக் கழுவித்தான் சமைப்பார். சீனி வருத்தத்துக்கு நல்லதென்று எனக்கும் ஒரு பிடி தந்தார்.

கசப்பில்தானே மருந்து இருக்கும், அதை ஏன் கழுவி ஊற்றுகிறார் என்று யோசித்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. பாகற்காய்ச் சாறு குடித்த பழக்கத்தில் இலையைப் பச்சையாக அரைத்துக் குடித்தேன். அன்று வெள்ளிக்கிழமை விரதம். குளிசையும் போட்டிருந்தேன்.

வேலை வீட்டில் ஏணியில் நின்று யன்னல் துடைக்கும்போது கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, கண் இருண்டது. வீட்டுக்கார சிஞ்ஞோரா என்னைத் தாங்கி இறக்கி, சீனி கரைத்துப் பருக்கினார்.

"ஆடு கூட மணந்து பாத்துத்தானப்பா தின்னும்!" என்று மனைவி ஏசினாள்.

இலையும் சீனியைக் குறைக்கக்கூடும், குளிசை, பட்டினி, இலை மூன்றும் சேர்ந்திருக்கலாம் என்றார் டொக்டர். ரோஸ் தலையில் கை வைத்துக்கொண்டு, "அது சூப்புக்குப் போடுறது, நீ ஏன் குடிச்சனி?" என்றார்.

இப்போது குளிசையை நிறுத்தாமல் விரதத்தைத்தான் விட்டிருக்கிறேன். நேற்று ரோஸ் வேறொரு மரப்பட்டை தந்தார். எப்படிச் சாப்பிடுவதென்று அவரிடமே கேட்டேன். என் குளிசையோடு சேருமா என்று கேட்க, பட்டையை மடியில் வைத்துக்கொண்டு டொக்டரின் வாசலில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.