கிராம்பு போட்ட பிரெஞ்சு ஒயின்

என் வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் ஒரு ஓட்டலில் ஒயின் ருசி பார்த்துச் சொல்லும் வேலை. "குடிக்கிறதுக்குச் சம்பளமா?" என்று எங்கள் ஊரான சாம்பியன் ரீப்ஸில் தெருவே கேட்டிருக்கிறது. குடிக்கக்கூட மாட்டார், கொப்பளித்துத் துப்பிவிடுவார் என்றால் இன்னும் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். காய்ச்சலில் விழுந்து எழுந்தபிறகு அவர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே "இன்னிக்கு இன்னா குழம்பு?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு பிரெஞ்சு சிவப்பு ஒயின் கொண்டுவந்தார். மூன்று வகைத் திராட்சை கலந்தது. ஓட்டலில் வைக்கலாமா, எந்த உணவோடு தரலாம் என்று திங்கட்கிழமை முதலாளியிடம் சொல்ல வேண்டும். போன தடவை சொன்னது தப்பாகிவிட்டதாம். இதுவும் தப்பானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். திறந்து ஒரு வாய் வைத்தவர், முகம் விழுந்து, மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் அவர் சர்ச்சுக்குப் போனதும் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் விட்டேன். ஒரே புளிப்பு, துவர்ப்பு. கெட்டுப்போன சரக்கை இவர் தலையில் கட்டிவிட்டார்கள், பாவி மனுஷன் வாயைத் திறக்காமல் வாங்கி வந்திருக்கிறார் என்று ஆத்திரம் வந்தது. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் ஒயின் இப்படிப் புளித்துப்போனால் கிராம்பு, பட்டை போட்டு, சர்க்கரையைக் கருக்கி ஊற்றிச் சரிக்கட்டுவோம். அவருக்குச் சுகர் என்பதால் சர்க்கரையை விட்டுவிட்டேன். கிராம்பையும் பட்டையையும் தட்டி, துணியில் கட்டி, ஒயினில் நன்றாக ஊறவிட்டு, திரும்பப் பாட்டிலில் ஊற்றினேன். வாசல்வரை கிராம்பு மணத்தது.

சர்ச்சிலிருந்து வந்தவர் நேராக ஒயினை ஊற்றி, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டார். திட்டுவார், இல்லாவிட்டால் மெச்சுவார் என்று காத்திருந்தேன். அவர் கிளாஸை என்னிடம் நீட்டினார்.

"நீ மோந்து பாரு. இன்னா வாசனை வருதுன்னு சொல்லு, நாளைக்கு அதையே அங்க சொல்லிடறேன். அதுக்குத்தான் வீட்டுக்கு எடுத்தாந்தேன்."

"ஏங்க, நீங்க பாக்க மாட்டீங்களா?"

"காய்ச்சல் வந்ததுலேருந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியல. யார்கிட்டயும் சொல்லல."

கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன்.

"கிராம்பு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படிப் பார்க்கிறேன்.

"கிராம்பா? வரும், வரும். இந்த மாதிரி ஒயின்ல அது வர்றதுதான். உனக்கே தெரியுது பாரு! அப்புறம்? இன்னும் இன்னா வருது, சொல்லு."

"பட்டை" என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. "ரெண்டும் நான் போட்டதுங்க."