நாலாவது பாட்டில் இன்னொரு குரல்

அந்தக் கும்பலில் அவளுக்குத் தலைவி என்று பெயர். கட்சி கிட்சி ஒன்றும் கிடையாது, பயப்பட வேண்டாம். ஒரு பாடகிக்காக உயிரையே விடுகிற ரசிகர்கள் ஊரில் ஒரு பதினைந்து பேர் தேறுவார்கள். அவர்களுக்கெல்லாம் அவள் தலைவி. பாடகியை அவர்கள் பெயர் சொல்லிப் பேசமாட்டார்கள். ‘நம்மாளு’ என்பார்கள். நம்மாளு இப்படிப் பாடிட்டா, நம்மாளு முடியை வெட்டிக்கிட்டா என்று, ஏதோ பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் இருக்கும். அந்தப் பாடகிக்கு இப்படி ஒரு கும்பல் இருப்பதே தெரியாது என்பது வேறு விஷயம்.

தலைவிக்கு வேலை ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில். சலவைப் பகுதியை ஒட்டி ஒரு தையல் அறை. சமையல்காரரின் கோட்டில் பொத்தான் போனாலும், படுக்கை விரிப்பு கிழிந்தாலும், வரவேற்பில் நிற்கிற பெண்ணின் ஜிப் மக்கர் பண்ணினாலும் எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். ஜன்னல் கிடையாது. தையல் மெஷின், மூலையில் மலையாகக் குவிந்த துணி, வலது பக்கச் சுவரில் ஒரு இண்டர்காம், அவ்வளவுதான். இண்டர்காம் அடித்து உடனே எடுக்கவில்லை என்றால் சூப்பர்வைசர் இறங்கி வந்துவிடுவார். வந்தால் லேசில் போகிற ஆள் இல்லை. அதனால் இடது காது பாட்டுக்கு, வலது காது வேலைக்கு என்று அவள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். ஒயர் வைத்த பழைய இயர்போன். இடது பக்கத்தது காதில் இருக்கும், வலது பக்கத்தது கழுத்தோரம் சும்மா தொங்கும். வீட்டுக்குப் போனால் சமையல், துவைப்பு, மகளின் படிப்பு என்று பொழுது போய்விடும். ஆக, அவள் பாட்டு கேட்டதெல்லாம் அந்த அறையில், அந்த ஒரு காதால்தான். பல வருஷமாக அப்படியே பழகிவிட்டதால் அதை அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, நம்மாளு விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் காதைக் கிழிக்கும். குரல் அதற்கும் மேலே ஏறி நிற்கும். அடுத்ததில் வயலின்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தன. நடுவில் ஒரு காலம், எல்லாம் கம்ப்யூட்டர் ஓசை, குரலே மெஷின் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்போது பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். தலைவி அசையவில்லை. ‘கொஞ்சம் பொறுங்க, அவ திரும்பி வருவா’ என்றாள். சொன்ன மாதிரியே அடுத்த ஆல்பத்தில் நம்மாளு ஒரே ஒரு கிட்டாரோடு வந்து நின்றாள். போனவர்கள் அசடு வழியத் திரும்பி வந்தார்கள். அன்றிலிருந்து தலைவி சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டில்தான் கூடுவார்கள். டாக்ஸி ஓட்டுகிறவர் ஒருவர், கல்லூரியில் வேதியியல் நடத்துகிற லெக்சரர், பல் கிளினிக்கில் உதவிக்கு நிற்கிற பெண், இவர்கள் மூன்று பேரும் தவறாமல் வருவார்கள். மற்றவர்கள் வந்தால் உண்டு. அங்கே பாட்டு போடுவது அபூர்வம். பாட்டு ஓடினால் யார் பேசுவது? பேசத்தானே வந்திருக்கிறார்கள்.

அவளுடைய வீட்டுக்காரர் பிளம்பர். இந்தக் கூட்டத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலறை ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொள்வார். மனுஷர்களோடு பேசுவதைவிடக் குழாயோடு பேசுவது அவருக்குச் சுலபம் என்று அவளே கேலி செய்வாள். அவரும் ஆமாம் என்பது போலச் சிரித்துக்கொள்வார்.

ஒரு நாள் சாப்பிடும்போது ஏதோ அலுப்பில் அவள் ஒரு வார்த்தை விட்டாள். வாரம் பூராவும் மனசில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, வீட்டில் பாட்டைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடையாது என்றாள். சொல்லிவிட்டு மறந்தும் போனாள். அவர் மறக்கவில்லை. புது ஆல்பம் வந்ததும் மகளிடம் சொல்லிப் போனில் ஏற்றிக்கொண்டு, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வேனில் போட்டுக் கேட்டார். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, திரும்பத் திரும்பக் கேட்டார். அவளிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

அந்தப் புது ஆல்பத்தால் கும்பல் இரண்டாகப் பிளந்தது. நம்மாளு ஒரேயடியாக அடங்கிப்போய்விட்டாள். ஒரு பியானோ, கொஞ்சம் குரல், நிறைய இடைவெளி. இதுதான் வளர்ச்சி என்றார் லெக்சரர். தூக்கம் வருகிறது, வண்டி ஓட்டும்போது போட்டால் எங்கேயாவது கொண்டுபோய் இடித்துவிடுவேன் என்றார் டாக்ஸிக்காரர். கிளினிக் பெண் கேட்டுக் கேட்டு அழுததாகச் சொன்னாள். தலைவி தன் வழக்கப்படி வேறு யாரும் எழுதியதைப் படிக்காமல், தையல் அறையில் உட்கார்ந்து நாலைந்து முறை கேட்டாள். அவளுக்கு வயிறு எரிந்தது. பாட்டு முழுக்க ஓட்டையாக இருந்தது. நம்மாளு ஒரு வரி பாடுகிறாள், அப்புறம் ஒன்றும் இல்லை, பியானோ மட்டும் தடவிக்கொண்டிருக்கிறது. மறுபடி ஒரு வரி, மறுபடி ஒன்றும் இல்லை. நாலாவது பாட்டு இதில் உச்சம். போனில் அவர்களுக்கென்று இருந்த குரூப்பில் நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள்: அரைகுறையாக விட்டுவிட்டு அதற்குப் பக்குவம் என்று பெயர் வைத்தால், கேட்கிறவன் என்ன இளிச்சவாயனா என்று. கைதட்டுகிற படங்களாக வந்து குவிந்தன. லெக்சரர்கூட, யோசிக்க வேண்டிய கருத்துதான் என்று எழுதினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் களை கட்டியிருந்தது. வழக்கத்தைவிட ஆள் அதிகம். வீட்டுக்காரர் டீயைக் கொடுத்துவிட்டு, அதிசயமாக, உள்ளே போகாமல் கதவோரம் நின்றார். பேச்சு நாலாவது பாட்டுக்கு வந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எனக்கு அந்த நாலாவது பாட்டு பிடிச்சிருந்துச்சு. அதுல பதில் சொல்ற மாதிரி இன்னொரு குரல் வருதே, அது ரொம்ப நல்லாருந்துச்சு.”

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர் அந்த அறையில் பாட்டைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. தலைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“இன்னொரு குரலா? எங்கேருந்து, வேன் பின்னாடி உக்காந்து யாராவது பாடினாங்களா? குழாய்ல காத்து வர்ற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு இவருக்கு எல்லாமே குரலாத் தெரியுது.”

அறையே குலுங்கச் சிரித்தது. டாக்ஸிக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்தார், சிரித்தபடியே உள்ளே போய்விட்டார். தலைவி விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். அன்றைக்குத் தன் பேச்சு நன்றாக எடுபட்டது என்று அவளுக்கு ஒரே பெருமை.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சாயங்கால வேலை வந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் யார் வீட்டிலோ தொட்டி கசிந்தது, இன்னொரு வாரம் எங்கேயோ கீசர் கெட்டுப்போனது. டீயை அவளே போட வேண்டியிருந்ததில் அவளுக்கு எரிச்சல். அதற்கு மேல் அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இப்படி இருக்கும்போது தையல் அறைச் சுவரில் ஈரம் இறங்கி, காரை பெயர்ந்து விழுந்தது. பூச்சு வேலைக்காக மெஷினைத் தூக்கி எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டார்கள். இப்போது இண்டர்காம் அவளுக்கு இடது பக்கம். வேறு வழியில்லாமல் இடது காதைக் காலியாக விட்டுவிட்டு, இத்தனை காலம் சும்மா தொங்கியதை எடுத்து வலது காதில் செருகிக்கொண்டாள். அடுத்த கூட்டத்தில் இன்னும் ரெண்டு குறை சொல்ல வேண்டுமே என்று அந்த ஆல்பத்தையே போட்டாள்.

நாலாவது வந்தபோது வேறு யாருடைய பாட்டோ ஓடுகிறது என்று நினைத்தாள். குரல் நம்மாளுடையது இல்லை. கொஞ்சம் கரகரத்த, வயது கூடின பெண் குரல். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது போல ஒரு வரி பாடிவிட்டு நிறுத்தியது. பியானோ மட்டும் ஓடியது. மறுபடி ஒரு வரி. போனை எடுத்துப் பார்த்தாள். அதே ஆல்பம், அதே பாட்டு. தொங்கிக்கொண்டிருந்த இன்னொன்றை எடுத்து இடது காதிலும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து போட்டாள். இடது பக்கம் நம்மாளு கேட்டாள். முடிப்பதற்குள் வலது பக்கத்திலிருந்து மற்றவள் பதில் சொன்னாள். ஓட்டை என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த இடங்கள் ஒன்றுவிடாமல் நிறைந்து போயிருந்தன. கடைசியில் இரண்டு குரலும் சேர்ந்த இடத்தில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே கதவோரம் நின்று தொண்டையைச் செருமிய மனுஷர் ஞாபகத்துக்கு வந்தார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரில் இண்டர்காம் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எழுந்திருக்கவில்லை.

சாப்பாட்டு வேளையில் கிளினிக் பெண்ணுக்குப் போன் போட்டாள். நாலாவது பாட்டில் இரண்டு குரல் இருப்பது உங்களுக்கெல்லாம் தெரியுமா என்று கேட்டாள்.

“தெரியும்கா,” என்று இழுத்தாள் அந்தப் பெண். “நீங்க வேணும்னே அவரை ஓட்டுறீங்கன்னு நெனச்சுதான் சிரிச்சோம். அவர் உள்ளே போனப்புறம்தான், ஒருவேளை உங்களுக்கு நிஜமாவே கேக்கலையோன்னு தோணுச்சு. ஆனா உங்ககிட்ட யார்க்கா சொல்றது?”

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வார்த்தை அவளை விடவில்லை. தான் ஒரு பாட்டுக்காரியின் ரசிகை, நாலு பேரைச் சேர்த்துவைத்து டீ கொடுத்துப் பேசுகிறவள் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். தன்னிடம் ஒரு உண்மையைச் சொல்ல ஆட்கள் பயப்படுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அப்படியே கூனிக் குறுகிப்போனாள். அன்று சாயங்காலம் தைத்ததையெல்லாம் அடுத்த நாள் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போனபோது அவர் சமையலறைத் தொட்டியில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இயர்போன், இண்டர்காம், ஒரு பக்கக் குரல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் காது டாக்டர்கிட்ட போய்ப் பாத்துட்டு வந்தேன்,” என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

“நீ அவ்வளவு அடிச்சுச் சொன்னியே. டிரில் போட்டுப் போட்டு எனக்குத்தான் காது கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். பாட்டு விஷயத்துல நீ சொல்லித் தப்பாப் போனதில்லையே.”

காய்ச்சல் என்றால்கூட அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அந்த ஆள் வேலைக்கு லீவு போட்டு, தனியாகப் போய், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்திருக்கிறார். டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

“ரெண்டு காதும் நல்லாருக்காம். எனக்குச் சப்புன்னு போயிடுச்சு. கோளாறுன்னு சொல்லியிருந்தா அதோட போயிருக்கும். நல்லாருக்குன்னு உன்கிட்ட வந்து எப்படிச் சொல்றது?”

அவள் மன்னிப்புக் கேட்டாள். இதுக்குப் போயா என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டு, மகள் இன்னும் வரவில்லையா என்று விசாரித்தார். அவர் கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு அந்த இராத்திரி கொஞ்சமாவது சாப்பாடு இறங்கியிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்தத் தொட்டிக்கும் போகக் கூடாது என்று அவரைக் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்திவைத்தாள். எல்லோரும் வந்த பிறகு நடு அறையில் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தாள். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தலைவி எழுந்து நின்றாள். முதலில் இயர்போன் கதையைத்தான் ஆரம்பித்தாள். லெக்சரர் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது. அடடா, அதுதானா விஷயம் என்று டாக்ஸிக்காரர் சிரிக்கக்கூட ஆயத்தமானார். இப்படியே முடித்துவிட்டால் எல்லோரும் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

“இயர்போன் மேல பழி போட முடியாது,” என்றாள். “எனக்குக் கேக்கல, சரி. ஆனா இவர் சொன்னப்போ, எந்த இடத்துல வருதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கத் தோணல. இவருக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். அதான் நடந்துச்சு.”

முகம் தகதகவென்று எரிந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை. கிளினிக் பெண் தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான் என்று டாக்ஸிக்காரர் முணுமுணுத்தார். பிறகு வண்டியிலிருந்து பெரிய ஸ்பீக்கர் இரண்டை எடுத்துவந்து அறையின் இரண்டு பக்கமும் வைத்தார். நாலாவது பாட்டைப் போட்டார்கள். அந்த வீட்டில் ஒரு பாட்டை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டது அன்றுதான். வீட்டுக்காரர் முழங்கால்மேல் கையை வைத்தபடி, பரீட்சைக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடிந்தது. தலைவி அவரிடம் திரும்பி, எப்படி இருந்தது, நீங்கதான் முதலில் சொல்ல வேண்டும் என்றாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தது போலத்தான் இருந்தது. அதற்குள் அவருடைய கண் அவள் முகத்துக்குப் போனது. அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் தேடியது.

“நல்லாத்தான் இருந்துச்சுன்னு நெனைக்கிறேன்,” என்றார். “நீ என்ன சொல்ற?”

அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.