டயறியும் டெயரியும்

மாங்குளத்தருகே குடியேறிய புதிது. அடுத்த காணியில் தனியாக இருந்த செல்லம்மா அக்காவுக்குக் அரசாங்கக் காணிக் கந்தோரிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம் தவறுதலாக என் கைக்கு வந்தது. பிரித்தேன். ‘டயறி வைக்க அனுமதி’ என்றிருந்தது. நாட்குறிப்பில் எங்கள் குற்றங்குறைகளை எழுதிக் கந்தோருக்குக் கொடுக்கத்தான் என்று நினைத்தேன். உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டு, “அவாவோட கதையாதேங்கோ, காணியைப் பறிச்சுப்போடுவினம்” என்று அயலுக்கெல்லாம் சொன்னேன். அவர் காய்ச்சலில் கிடந்தபோதும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் செம்போடு வந்தார்.

“பால் பண்ணை வைக்க விட்டிட்டினம், தம்பி. முதல் பால் உங்கட பிள்ளைக்கு.”

பால் பண்ணைக்கு ஆங்கிலத்தில் டெயரி. இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி வாசித்திருக்கிறேன்!

வெட்கத்தோடு வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னேன்.

“உங்களையும் பால் தந்து வாங்கிட்டாவோ?” என்று கேட்டார்கள்.

அந்தச் சந்தேகத்தை என்னால் கடைசிவரை தீர்க்க முடியவில்லை.