தாட்சாயணி சந்திரகிரி பார்த்த நாள்

திருச்சானூர் கல்யாண மண்டபத்தின் இரும்புக் கதவில் பூட்டு தொங்கியது. வாசலில் வாழைமரம் இல்லை, கோலம் இல்லை, கழற்றிப் போட்ட செருப்பு ஒன்றுகூட இல்லை. தப்பான மண்டபத்துக்கு வந்துவிட்டோமோ என்று தாட்சாயணி பத்திரிகையை எடுத்துப் பார்த்தாள். மண்டபத்தின் பெயர் சரிதான். தேதியும் சரிதான். உள்ளே காவல்காரர் ஒருவர் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, சித்தூர் முரளிதரன் வூட்டுக் கல்யாணம்..."

"பெள்ளி லேதம்மா" என்று தெலுங்கில் சொன்னார் அவர், தலையைத் தூக்காமல். கல்யாணம் இல்லையாம். அப்புறம் அவளுடைய பட்டுப்புடவையையும் தலைநிறைய வைத்திருந்த பூவையும் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டுக் கதவருகே வந்து தமிழிலேயே சொன்னார். "மாப்பிள்ளையோட தாத்தா தவறிட்டாரும்மா. கல்யாணத்தைத் தள்ளி வெச்சிட்டாங்க. ரெண்டு மூணு நாளாச்சே. உங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னாங்க, சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்" என்றாள் தாட்சாயணி. அப்படி ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

எதிரே பூட்டியிருந்த கடைப் படியில் உட்கார்ந்து முரளிதரனுக்குப் போன் போட்டாள். முரளிதரன் அவள் சித்தப்பா மகன். சித்தூரில் டிராக்டர் உதிரி பாகக் கடை வைத்திருக்கிறான். அவன் மகள் யமுனாவுக்குத்தான் கல்யாணம். யமுனா பிறந்தபோது முரளிதரன் பெண்டாட்டிக்கு அம்மா இல்லாததால் தாட்சாயணிதான் சித்தூருக்குப் போய்த் தங்கினாள். பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும், தாய்க்குப் பத்தியச் சாப்பாடு செய்து போட்டதும் அவள்தான்.

"அய்யோ அக்கா!" என்றான் முரளிதரன். "உனக்கு நம்ம தம்பி ஹரிபாபு சொல்லிட்டான்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன். அவன் நான் சொல்லிட்டேன்னு நெனச்சிருப்பான். வாட்ஸப் குரூப்புல போட்டோமே..."

"எனக்கு ஏதுப்பா வாட்ஸப்? என்னுது பட்டன் போன்தான."

"ஆமால்ல. அய்யோ. இங்க சாவு வூட்டுக்கும் மண்டபத்துக்கும் ஓடி ஓடி ஒண்ணும் புரியலக்கா. தப்பா எடுத்துக்காத."

"இதுல இன்னா தப்பு. சாவுன்னா யாரு இன்னா பண்றது. நீ வேலையப் பாரு."

அவன் மீது கோபப்படக்கூட வழியில்லை. எல்லோருமே யாரோ சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். அவளுக்கென்று சொல்ல வேண்டியவர் இன்னார் என்று ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

தாட்சாயணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நாகலாபுரத்தை ஒட்டிய ஊரில் கொஞ்சம் வேர்க்கடலை நிலமும் சில மாமரங்களும் இரண்டு கறவை மாடுகளும் அவளுக்கு உண்டு. கல்யாணம் பேச வேண்டிய வயதில் அவளுடைய நைனாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். இந்த வருடம் ஆகட்டும், அடுத்த வருடம் ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனதில், ஒரு கட்டத்தில் கேட்டு வருபவர்களும் நின்றுபோனார்கள். நைனாவும் போய்ச் சேர்ந்து ஆறேழு வருடம் இருக்கும். காலையில் மாட்டோடு பேசுவாள். மாலையில் பக்கத்து வீட்டு லட்சுமம்மாவோடு டிவி பார்ப்பாள். இடையில் பேச ஆள் கிடையாது.

இந்தக் கல்யாணத்துக்காக அவள் ஒரு மாதமாக ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். மாடுகளை லட்சுமம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, இருட்டு விலகும் முன்பே சத்யவேடு பஸ்ஸைப் பிடித்து, ஆதார் கார்டைக் காட்டிப் பெண்களுக்கான இலவச டிக்கெட் வாங்கி, புடவை கசங்காமல் நாராயணவனம், புத்தூர் என்று உட்கார்ந்து வந்திருந்தாள். இப்போது திரும்பிப் போய் இறங்கினால் பஸ் ஸ்டாண்டிலேயே பத்துப் பேர் கேட்பார்கள். கல்யாண டிபன் சாப்பிடலாம் என்று வீட்டில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பியதில் வயிறு வேறு எரிந்தது.

ஷேர் ஆட்டோவில் திருப்பதி டவுனுக்கு வந்தாள். திருப்பதி அவளுக்குப் புதிதல்ல. நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது ஒரு மாதம் இங்கேயே கிடந்திருக்கிறாள். ஆனால் அப்போது அவள் பார்த்தது வார்டு, மருந்துக்கடை, வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்த மற்றவர்கள். மலைக்குப் போனதெல்லாம் யாராவது வீட்டுப் பிள்ளைக்கு மொட்டை அடிக்க, கூட்டத்தோடு கூட்டமாக. அவள் பாட்டுக்கு இந்தத் தெருவில் நடந்ததே இல்லை.

கோவிந்தராஜர் கோவில் கோபுரம் தெரிகிற தெருவில் ஒரு ஓட்டலுக்கு முன்னால் தயங்கி நின்றாள். உள்ளே எல்லா மேஜையிலும் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். தனியாக ஓட்டலில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டதே கிடையாது. சர்வர் துண்டால் மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"எந்தமந்தி அம்மா?"

எத்தனை பேர் என்று கேட்கிறான். "ஒக்கரே" என்றாள். ஒருத்திதான்.

அவன் நாலு பேர் உட்காரும் மேஜையில் அவளை உட்கார வைத்து, நாலு டம்ளர் தண்ணீர் வைத்தான். அந்தப் பட்டுப்புடவையைப் பார்த்து, பின்னால் ஆட்கள் வருகிறார்கள் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. பூரி கேட்டாள். இரண்டு பூரி உப்பிக்கொண்டு வந்தது. கூடவே கிழங்கும் கெட்டிச் சட்னியும். தின்று முடித்ததும் ஒரு ஆசை வந்தது. பக்கத்து மேஜைக்குப் போன காரதோசையைக் காட்டி, அதிலும் ஒன்று கொண்டுவரச் சொன்னாள். சிவப்பு மிளகாய் விழுது தடவி, பொட்டுக்கடலைப் பொடி தூவி, நெய் மினுமினுக்க வந்தது. காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. தண்ணீர் கொட்டக் கொட்டத் தின்றாள். அது காரத்தால் மட்டும்தான் என்று சர்வர் நினைத்துக்கொண்டு மோர் கொண்டுவந்து வைத்தான். நல்ல மனுஷன்.

வெளியே வந்தால் பொழுது மொத்தமும் அப்படியே கிடந்தது. பித்தளைக் கடை, வளையல் கடை, சாமி படக் கடை என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு வண்டியில் நன்னாரி சர்பத் குடித்தாள். எலுமிச்சை பிழிந்து, சோடா ஊற்றி, நுரைக்க நுரைக்கக் கொடுத்தான். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது சித்தூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்துவிட்டாள். சித்தூருக்குப் போவதற்கில்லை. அந்த வழியில் சந்திரகிரி இருக்கிறது. முரளிதரன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பாறை மலையையும் அதன்மேல் ஏறும் மதிலையும் ஜன்னலில் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை, பிரசவம் பார்க்கப் போன வழியில், இறங்கிப் பார்க்கலாமா என்று கூட வந்தவர்களைக் கேட்டாள். "அங்க இன்னா இருக்குது, கல்லுதான" என்று சொல்லிவிட்டார்கள்.

கல் மட்டும் இல்லை. மாடி மாடியாக, வளைவு வளைவாக, உச்சியில் சின்னக் கோபுரங்களோடு ராஜமகால் நின்றது. உள்ளே போய்ப் பழைய சிலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரும் "சீக்கிரம் வா" என்று கூப்பிடவில்லை. முதலில் அது நன்றாக இருந்தது. மூக்கு உடைந்த ஒரு அம்மன் சிலை அச்சு அசலாக லட்சுமம்மாவைப் போலவே முறைத்தது. சிரிப்பு வந்தது. சொல்லலாம் என்று பக்கத்தில் திரும்பினாள். அங்கே தூண் இருந்தது.

புல்தரையில் ஒரு வேப்பமர நிழலில் வந்து உட்கார்ந்தாள். அங்கே ஒரு அம்மாள் அழுகிற கைக்குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பெயர் கங்கம்மாள், ஊர் அரக்கோணம். மகனும் மருமகளும் மகால் பார்க்கப் போயிருக்கிறார்கள், முட்டிவலியால் தன்னால் படி ஏற முடியாது என்று கேட்காமலே எல்லாம் சொன்னாள்.

"கொஞ்சம் குடுங்க" என்று தாட்சாயணி கையை நீட்டினாள். குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக் கொடுத்தாள். இரண்டு ஏப்பம் விட்டு அழுகையை நிறுத்தி, அவள் மடியிலேயே தூங்கிவிட்டது.

"வாயுவ இழுத்துக்கிச்சு போல. நீ நாலஞ்சு பெத்தவளாட்டம் இருக்கியே" என்றாள் கங்கம்மாள். "பட்டுப்புடவைல்லாம் கட்டிக்கினு... கல்யாணத்துக்கு வந்தியா?"

"ஆமாக்கா. தம்பி மகளுக்குத் திருச்சானூர்ல."

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு. நல்லா நடந்துச்சு."

"பந்தில இன்னா போட்டாங்க?"

"பூரி, கெழங்கு, காரதோசை" என்றாள் தாட்சாயணி. பொய் சொல்லச் சொல்ல வசதியாக வந்தது. "எலைக்கு எலை நெய்யி. நன்னாரி சர்பத்து வேற, வேணுங்கிற மட்டும். பொண்ணுக்கு அரக்குல பொடவ. தாலி கட்டும்போது என்னைத்தான் வெளக்குப் பிடிக்கச் சொன்னாங்க."

"அத்தைன்னா சும்மாவா. கூட வந்தவங்கல்லாம்?"

"மண்டபத்துலயே படுத்துக்கினு இருக்காங்க. நான்தான் கோட்டைய பாக்கலாம்னு..."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. குழந்தை எழுந்துவிடப் போகிறதே என்ற அவசரத்தில் பட்டனை அமுக்கினாள். பட்டன் போனில் பேசினால் பத்தடி தள்ளிக் கேட்கும்.

"அக்கா, வூட்டுக்குப் போய்ச் சேந்துட்டியா? கல்யாணம் தள்ளிப்போச்சேன்னு மனசுல வெச்சுக்காத. பூட்டியிருந்த மண்டபத்துல நீ ஒண்டியா நின்னத நெனச்சா எனக்கு ஒரு மாதிரியா இருக்குது. யமுனா அழுவுறா" என்று முரளிதரன் சொல்லிக்கொண்டே போனான்.

"இல்லப்பா. சந்திரகிரில இருக்கேன்."

"சந்திரகிரியா? யாரு கூட?"

"ஒண்டியாத்தான். சாயந்தரம் போயிடுவேன். அவள அழ வேணாம்னு சொல்லு."

போனை வைத்த பிறகு கங்கம்மாளைப் பார்க்க முடியவில்லை. குழந்தையின் தலையில் ஒட்டியிருந்த வேப்பம்பூவை எடுத்துவிட்டாள். இன்னொன்றையும் எடுத்தாள். அப்புறம் எடுப்பதற்குப் பூ இல்லை.

கங்கம்மாள் கூடையைத் திறந்து, எவர்சில்வர் டப்பாவின் மூடியில் புளிசோறு போட்டு, மேலே ஒரு அப்பளத்தை வைத்து நீட்டினாள்.

"துன்னு" என்றாள். "கொழந்தைய நான் வெச்சிக்கிறேன்."

"அது தூங்குது. மடியிலயே இருக்கட்டும்க்கா."

ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு ஒரு கையால் தின்றாள்.

மகனும் மருமகளும் வந்தார்கள். காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். குழந்தை கை மாறியது. புடவையில் அது படுத்திருந்த இடம் வேர்த்து ஈரமாகியிருந்தது. கங்கம்மாள் காரில் ஏறும்போது ஜன்னலைத் தாழ்த்தி, "வரேம்மா" என்றாள். கார் போய்விட்டது. யாரும் யாருடைய போன் நம்பரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குமேல் கோட்டையில் இருக்கப் பிடிக்கவில்லை. ரோட்டோரத்தில், நாட்டுக்கோழியும் களியும் கிடைக்கும் என்று போர்டு மாட்டிய ஒரு சின்ன ஓட்டலுக்குள் நுழைந்தாள். நல்ல நாளில் அவள் கவுச்சி தொடமாட்டாள். இன்றைக்குத்தான் கல்யாணமே இல்லையே. நைனா போன பிறகு அவள் கோழி சமைத்ததில்லை. ஒருத்திக்காக ஒரு கோழியை எப்படி அறுப்பது? களிகூட அவள் வீட்டில் எலுமிச்சை அளவுதான் கிளறுவாள், துடுப்பில் சிக்கக்கூடச் சட்டியில் மாவு இருக்காது. இங்கே ஒரு தேங்காய் அளவு களி வந்தது, குழி பறித்து நெய் ஊற்றி. கோழிக் குழம்பில் தோய்த்து நிதானமாகத் தின்றாள். பொழுது சாய ஆரம்பித்த நேரம், கடையில் வேறு ஆளில்லை. பரிமாறிய பெண் கல்லாப் பக்கம் உட்கார்ந்து செல்போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே கடைசி வாய் வரை தின்று முடித்தாள்.

ஊரில் இறங்கியதும் லட்சுமம்மா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே கேட்டாள். "இன்னாடி, ரெண்டு நாள்னு போனவ அன்னைக்கே வந்துட்ட? கல்யாணம் எப்படி?"

இன்னொரு தடவை பொய் சொல்லத் தாட்சாயணிக்குத் தெம்பு இல்லை. உள்ளதைச் சொன்னாள். லட்சுமம்மா கொதித்துப் போனாள். ஊர் முழுக்கப் பரவியது. ஒரு வாரம் பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று உச்சுக் கொட்டினார்கள். யாரும் இல்லாமல் இருப்பதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. சந்திரகிரியில் என்ன பார்த்தாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

வைகாசியில் சித்தூரில் கல்யாணம் நடந்தது. முரளிதரனே கார் எடுத்து வந்து அவளைக் கூட்டிப் போனான். யமுனா மேடையில் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டாள். பந்தியில் இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்தார்கள். இடதுபக்கம் இருந்தவர் வலதுபக்கம் இருந்தவரோடு அவளைத் தாண்டி நிலத்தகராறு பேசினார். அவள் தலையைப் பின்னால் சாய்த்து வழி விட்டுக்கொண்டே பாயசம் குடித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. வேண்டிய அளவுக்கு இல்லை.

ஆனி மாதம் மாங்காய் இறக்கி முடித்த பிறகு ஒருநாள், நல்ல காரியம் எதுவும் இல்லாமல், நூல் புடவையில், தனியாகவே காளஹஸ்திக்குக் கிளம்பினாள். சாமி பார்த்தாள். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றுகொண்டிருக்கும்போது, வெயிலோடு வெயிலாகச் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஒரு துணிக்கடையின் தகரக் கூரைக்கு அடியில் ஓடினார்கள். யாரோ ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இட்ட ரண்டி, தடுஸ்தாரு" என்று அவளுக்கு ஓரமாக இடம் விட்டாள். இப்படி வாங்க, நனைந்துவிடுவீர்கள் என்று. தாட்சாயணி உள்ளே நகர்ந்து, பஜ்ஜிப் பொட்டலத்தை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். அவள் வேண்டாம் என்று சிரித்தாள். பிள்ளை ஒன்றை எடுத்துக்கொண்டது. மழை விட்டதும் எல்லோரும் அவரவர் வழியில் போனார்கள்.