நான் திருத்திய சரியான எண்

7812 என்ற எண்ணை நான் அழித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கொழும்பு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் இருந்துகொண்டு அழித்தேன். அதற்கு நான்கு வரி மேலே 8000 என்று இருந்தது. இரண்டு வரிகளும் ஒரே விடயத்தைத்தான் சொல்லின. ஒன்று எண்ணாயிரம் என்று முழுசாக நின்றது, மற்றது சில்லறையோடு நின்றது. ஏன் இந்தச் சில்லறை என்று விளக்கும் குறிப்பு எதுவும் பக்கத்தில் இல்லை. தமிழ் நாளிதழ் ஒன்றில் ஆறு வருடம் ஒப்புநோக்குநராக இருந்தவளுக்கு இப்படியான இடத்தில் கை தானாகப் போகும். அச்சுப்பிழை என்று முடிவெடுத்தேன். வரியை எடுத்தேன். பிறகு இடியப்பம் வாங்கக் கீழே இறங்கிப் போனேன்.

நான் பராமரிப்பது ஒரு நூலகம். இதை அயலில் சொன்னால் எந்த வீதியில் என்று கேட்பார்கள். கீழ்த்தளத்தில் இருக்கும் ஒருவர் ஒருமுறை பழைய சஞ்சிகைகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். "உங்கட லைப்ரரிக்குக் குடுங்கோ" என்றார். வாங்கி வைத்துக்கொண்டேன். விளக்குவதை விட அது இலகு.

இது கணினி நிரல்களின் நூலகம். பாட்டு, வீடியோ, குரல்பதிவு எல்லாம் கணினியில் எண்களாகச் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும். அடைத்த விதம் கோப்புக்குக் கோப்பு மாறும். அடைத்ததைப் பிரித்து மறுபடி ஒலியாகவும் படமாகவும் ஆக்கும் நிரல்துண்டுக்கு டிகோடர் என்று பெயர். எங்கள் நூலகத்தில் இருப்பதெல்லாம் டிகோடர்கள். யாரும் திறந்து படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம், காசில்லாமல் எடுத்துத் தங்கள் செயலிக்குள் வைத்துக்கொள்ளலாம். பாவிக்கிறவர்களுக்கு உள்ளே எங்கள் நிரல் இருப்பது தெரியாது. வெவ்வேறு நாடுகளில் இருக்கும் சிலர் சேர்ந்து இதைப் பார்த்துக்கொள்கிறோம். சம்பளத்துக்கு எனக்கு வேறு வேலை இருக்கிறது.

பழைய டிகோடர்களைத் துப்புரவாக்குவது என் பங்கு. இரண்டு தரம் சொன்னதை ஒன்றாக்குவது, யாரும் அழைக்காத பகுதிகளை எடுப்பது, தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் பொருத்தம் பார்ப்பது. பத்திரிகையில் செய்த அதே வேலை. அங்கே நான் செய்த பிழையையும் சொல்லவேண்டும். ஒரு மரண அறிவித்தலில் ஊரின் பெயரில் ஓர் எழுத்து மேலதிகமாக இருப்பதாக நினைத்து, எனக்குத் தெரிந்த ஊராக அதை மாற்றிவிட்டேன். அடுத்த நாள் பத்து மணிக்கு இரண்டு பேர் பத்திரிகையை மடித்துப் பிடித்தபடி வந்தார்கள். மேலதிக எழுத்தோடு அப்படி ஓர் ஊர் இருந்தது. அவர்கள் சத்தம் போடவில்லை. "நீங்கள் அங்க வந்ததில்லைப் போல" என்று மட்டும் ஒருவர் சொன்னார்.

எண்ணை அழித்து நான்கு மாதம் கழித்து ஒரு முறைப்பாடு வந்தது. எங்களுக்கு வரும் முறைப்பாடுகள் பொதுவாக இரண்டு வரியில், கோபத்தோடு இருக்கும். இது அரச அலுவலகத்தில் எழுதுவது போன்ற கந்தோர்க் கடிதம். ஆங்கிலத்தில், "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தொடங்கி, பந்திகளுக்கு இலக்கமிட்டு எழுதியிருந்தது. முதலாம் பந்தி: எழுதுபவரின் கணவர் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவைப் பல வருடம் நடத்தியவர், பாடுபவர்கள் வீட்டில் கேட்டுப் பழகுவதற்காகப் பயிற்சிகளைச் சிறிய குரல்பதிவுக் கருவியொன்றில் பதிந்தவர். இரண்டாம் பந்தி: அவர் இறந்து நான்கு வருடம், கருவி பழுது, கோப்புகள் நாற்பத்து மூன்று மிச்சம். மூன்றாம் பந்தி: இந்த மாதம் அவற்றைச் சாதாரணக் கோப்புகளாக மாற்றிக் கேட்டதில், குரல் அவருடையதாக இல்லை. அவரைப் போன்ற வேறொருவர் அவசரத்தில் பேசுவது போல இருக்கிறது. நான்காம் பந்தி: கனடாவில், ரொறன்ரோவிலுள்ள மகள் இது அப்பாவின் குரல்தான் என்கிறார். ஐந்தாம் பந்தியை இரண்டு முறை வாசித்தேன். "எனக்கு வயது எழுபத்தொன்று. மறதி என் பக்கமா, மென்பொருளின் பக்கமா என்பதைத் தயவுசெய்து அறியத் தரவும்."

அடியில் முகவரி, கொட்டாஞ்சேனை, கொழும்பு 13. தொலைபேசி இலக்கமும் இருந்தது.

எந்தக் கருவியின் கோப்பு என்று பார்த்தேன். நான் கைவைத்த டிகோடர்தான்.

எங்களில் மூத்த பராமரிப்பாளர் போலந்தில் இருப்பவர், நேரில் பார்த்ததில்லை. அவர் எனக்கு முன்னரே பதில் எழுதியிருந்தார். கோப்பின் தொடக்கத்தில் கருவியே எழுதும் தலைப்பில் 8000 என்று இருக்கிறது, டிகோடரும் அதையே பின்பற்றுகிறது, பிழை இல்லை, முறைப்பாட்டை மூடலாமா?

மூடவேண்டாம் என்று எழுதினேன். அங்கே முன்பு 7812 என்று ஒரு வரி இருந்தது, எடுத்தது நான்.

"எடுத்ததுதான் பிழை என்று எப்படித் தெரியும்? முன்பு வைத்தவர் பிழையாக வைத்திருக்கலாம். சோதிக்க மாதிரிக் கோப்பு இல்லை. ஒருவரின் ஞாபகத்தை வைத்து நிரலை மாற்ற முடியாது."

அவர் சொன்னது நியாயம். குரல்பதிவுக் கருவி குரலை ஒரு வினாடிக்கு இத்தனை தரம் என்று அளந்து எழுதிவைக்கும். திரும்பப் போடும்போதும் அதே வேகத்தில் போடவேண்டும். கூட்டிப் போட்டால் குரல் மேலேறும், பேச்சு ஓடும். 7812க்கும் 8000க்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. கூடப் பழகாத காதுக்கு அது பிடிபடாது. அந்த வரியை முதலில் எழுதியவர் யார் என்று தேடினேன். பெயரும் இல்லை, காரணமும் இல்லை.

கடிதத்தில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து ஆங்கிலத்தில் என்னை அறிமுகப்படுத்தினேன். மறுபக்கம் அதைவிடத் திருத்தமான ஆங்கிலத்தில் நன்றி சொன்னது. எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டது. வெள்ளவத்தை என்றேன்.

"வெள்ளவத்தையா? தமிழா?"

"ஓம் அன்ரி."

"அட கடவுளே! அப்ப நான் என்னத்துக்கு டிக்ஷனரி பாத்துப் பாத்து அவ்வளவு எழுதினன்?"

சனிக்கிழமை பின்னேரம் ரயிலில் கோட்டை வரை போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்தேன். ஒடுக்கமான மாடிப்படியின் மேலே வீடு. துறைமுகத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர் அன்ரி. ஒரு கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அடுத்த மேசைக்கு எழுதுவது அங்கே பழகியதாம். மாற்றித் தந்த செயலிக்காரருக்குத்தான் முதலில் எழுதியிருக்கிறார். அவர்கள் எங்களைக் கைகாட்டியிருக்கிறார்கள். பால் கலக்காத பிளேன் ரீயும் மீன் அடைத்த மாலு பணிசும் வைத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை விடயத்துக்கு வரவில்லை.

பிறகு சொன்னார். "மகள் சொல்லுறா, அம்மா, நாலு வருசமாச்சு, நீங்க மறந்திட்டீங்க எண்டு. நானும் யோசிச்சன். போன மாசம் காஸ் அடுப்ப நிப்பாட்டாமக் கடைக்குப் போனன். அப்ப இதையும் மறந்திருப்பன்தானே?"

நான் லப்டொப்பைத் திறந்து முதலாவது கோப்பைப் போட்டேன். ஓர் ஆண்குரல் அதட்டியது. "பேஸ் ஆக்கள் ஏன் நித்திரை? பாட வந்தனீங்களா, படுக்க வந்தனீங்களா?" குழுவில் கீழ்க்குரல் பாடுபவர்கள்தான் பேஸ் ஆக்கள். பின்னால் சிரிப்புச் சத்தம்.

"சொல்லெல்லாம் அவரின்ரதான்," என்றார். "குரல்தான் வாடகைக்கு எடுத்த மாதிரி."

கோப்பில் அடுத்ததாகக் கீபோர்டில் ஒரு கட்டையை மூன்று தரம் அழுத்தும் சத்தம் கேட்டது. பாடத் தொடங்குமுன் சுருதி கொடுப்பதற்கு. அந்தக் கீபோர்ட் எங்கே என்று கேட்டேன். அது எனக்குப் பின்னாலேயே, பின்னல் துணியின் கீழ் இருந்தது. துணியை எடுத்துவிட்டு, நடுவில் சிவப்பு நகப்பூச்சு வைத்த கட்டையைக் காட்டினார். கணவர் எப்போதும் அதைத்தான் அழுத்துவாராம்.

மின்சாரக் கீபோர்டின் சுருதி தானாக இறங்காது. என் போனில் சுருதி அளக்கும் செயலி இருந்தது. கட்டையை அழுத்தினேன். 440 காட்டியது. கோப்பில் இருந்த அதே கட்டையைப் போட்டேன். 450க்கும் 451க்கும் இடையில் ஆடியது. அச்செடுத்துக்கொண்டு வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் எண்ணாயிரத்தை வைத்துப் பெருக்கிப் பிரித்தேன். விடை ஏழாயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்று. ஒன்றுதான் கூட.

சந்தோசப்பட்டிருக்கலாம். ஆனால் போலந்துக்காரர் என்ன கேட்பார் என்று தெரியும். அன்றைக்குக் கீபோர்டையே சுருதி கூட்டி வைத்திருந்தால்? அதை அன்ரியிடமும் சொன்னேன்.

"சுருதியக் கூட்டினாலும் டிக் டிக் மாறாதுதானே?" என்றார்.

"என்ன டிக் டிக்?"

"தாளத்துக்கு அடிக்கிறது. ஏழாவது ஃபைலப் போடுங்க."

போட்டேன். "எண்பதில வைக்கிறன். ஒருத்தரும் ஓடப்படாது," என்றது குரல். நிமிடத்துக்கு எண்பது தட்டு என்று அர்த்தம். கீபோர்ட் தட்டத் தொடங்கியது. நான் நேரம் பார்த்தேன். அவர் பென்சில் எடுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே என்று துறைமுகத்தில் மூட்டை எண்ணும் முறையில் போட்டார். ஒரு நிமிடம் முடிந்ததும் கோடுகளைக் கூட்டினோம். எண்பத்திரண்டு. இன்னொரு தரம் எண்ணினோம். எண்பத்திரண்டு.

"அவர் பிழையான நம்பர் சொல்லமாட்டார்," என்றார்.

"அவர் சரி அன்ரி. நீங்களும் சரி. பிழை விட்டது நான்."

நான் என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். மலிவான கருவி தலைப்பில் எண்ணாயிரம் என்று எழுதிவிட்டு உள்ளே கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. பெயர் தெரியாத யாரோ அதைக் கண்டுபிடித்துச் சரியான எண்ணை எழுதியிருக்கிறார். நான் அதை அச்சுப்பிழை என்று நினைத்து எடுத்துவிட்டேன். அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப எனக்கு மறதி இல்ல."

"வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. அதைக் கண்டுபிடிச்சிருக்கிறீங்க."

"அடுப்ப மறந்தது உண்மைதான்," என்றார். ஆனாலும் சிரித்தார்.

அந்த மேசையிலேயே எண்ணைத் திரும்ப வைத்தேன். இந்த முறை அதன் மேலே நான்கு வரியில் ஒரு குறிப்பும் எழுதினேன்: இது அச்சுப்பிழை அல்ல, இன்ன கருவி, இன்ன காரணம், எண்பது தட்டு எண்பத்திரண்டாகக் கேட்ட கதை. சோதனைக்கு ஒரு மாதிரிக் கோப்பு வேண்டும், அதை உலகத்தில் யாரும் கேட்கலாம் என்றேன். குடும்பக் கதை ஒன்றும் இல்லாத ஏழாவதிலிருந்து தட்டுச் சத்தத்தை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுக்க முன்னர் எழுத்தில் ஓர் அனுமதிக் கடிதமும் தந்தார். அன்றைக்கே எல்லாவற்றையும் போலந்துக்கு அனுப்பினேன். அடுத்த நாள் மூத்த பராமரிப்பாளர், எண்ணிய விதம் தனக்குப் பிடித்தது என்று எழுதி ஏற்றுக்கொண்டார்.

அதை அனுப்பிய கையோடு, அங்கேயே முதலாவது கோப்பை மறுபடி போட்டேன். குரல் கொஞ்சம் தாழ்ந்து, கொஞ்சம் மெதுவாக வந்தது. எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அன்ரி கதிரையில் நிமிர்ந்தார். பேஸ் ஆக்களைப் பேசி முடித்த குரல், "அந்த ஃபேனை நிப்பாட்டும் பாப்பம், இரைச்சல் ஏறுது" என்றது. அவர் சுவரிலிருந்த சுவிட்சைத் திரும்பிப் பார்த்தார்.

"நிப்பாட்டினா அவருக்குத்தான் முதல் வேர்க்கும்," என்றார். "இதுதான். இந்த மனிசன்தான்."

ஐந்தரை மணி. ரொறன்ரோவில் காலை எட்டு. மகளுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்து, ஒன்றும் சொல்லாமல் போனை லப்டொப்பின் பக்கத்தில் வைத்தார். பேஸ் ஆக்கள், சிரிப்பு, ஃபேன் எல்லாம் போய் முடிந்தது.

"கேட்டதா?"

"கேட்டது. இது கொஞ்சம் வயசு போன மாதிரி இருக்கு அம்மா."

"வயசு போன மனிசன்தானே மகள்."

 மகள் கொழும்பை விட்டுப் போய்ப் பதினெட்டு வருடம். கடைசி வருடங்களில் அப்பாவைத் தொலைபேசியில் மட்டும் கேட்டவர். அவருடைய காதில் இருந்தது விமான நிலையத்தில் வழியனுப்பிய, தலை நரைக்காத அப்பா. என் பிழை குரலைக் கொஞ்சம் இளமையாக்கி அவருக்குக் கொடுத்திருக்கிறது. இதை நான் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

"அம்மா, மற்றதை அழிச்சுப்போடாதீங்க," என்றார் மகள்.

"அது பிழையான ஃபைல்."

"இருக்கட்டும். எனக்கு அனுப்புங்க."

அன்ரி என்னைப் பார்த்தார். "ரெண்டையும் வச்சிருக்க ஏலுமா?"

"ஏலும்."

நாற்பத்து மூன்றையும் புதிதாக மாற்றிக் கொடுத்தேன். அவர் கிட்ட இருந்து பார்த்தார். இரண்டு கோப்புறை திறக்கச் சொன்னார். பெயர்களைத் தானே தட்டச்சு செய்வதாகச் சொல்லி லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தார். ஒன்றுக்கு, வழக்கமான கந்தோர் நேர்த்தியோடு, "சரியானது" என்று பெயர் வைத்தார். மற்றதற்கு "பிழையானது" என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு, "மகளின் அப்பா" என்று அடித்தார்.